கார்த்திகேசு எடுத்த பெரட்டு

கூடத்தில் பீங்கான் கோப்பையைத் தட்டில் வைக்கும் சத்தம் கேட்டது. வந்திருந்த பெண் மெதுவாகத்தான் வைத்தாள். ஆனாலும் அந்தச் சின்னச் சத்தம் படுக்கையறையில் நின்றிருந்த நல்லம்மாளின் நெஞ்சில் கல்லாக விழுந்தது. தேத்தண்ணி முடிந்துவிட்டது. இனி அதிக நேரம் தேட முடியாது.

அலமாரிக் கதவுகள் இரண்டும் திறந்து கிடந்தன. சேலைகளை எடுத்துக் கட்டிலில் போட்டாள். போட்டவற்றை மறுபடி அடுக்கினாள். கீழ் இழுப்பறையை வேண்டுமென்றே ஓசை வரும்படி இழுத்து மூடினாள். அவள் தேடுகிறாள் என்பது கூடத்துக்குத் தெரிய வேண்டும். தேடுகிற பொருள் அந்த வீட்டில் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"கெடைச்சுதா ஆண்ட்டி? மெதுவா பாருங்க, ஒண்ணும் அவசரமில்ல" என்று கூடத்திலிருந்து குரல் வந்தது.

"இந்தா பாத்துக்கிட்டுதான் இருக்கேன் மா. இங்கதான் எங்கயாச்சும் வெச்சிருப்பாரு" என்றாள் நல்லம்மாள். வாய்தான் சொன்னது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

கூடத்தில் இருந்தவள் பெயர் ரஸ்னா. பாரிட் புந்தாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பெண். படித்துப் படித்து, இப்போது வானத்தை ஆராயும் வேலையில் இருக்கிறாள். அன்று சனிக்கிழமை காலையில் தன் காடியை ஓட்டிக்கொண்டு ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட்டுக்கு வந்தவள், வாசலில் நின்றபடியே சொன்ன சேதி இதுதான். மூன்று மாதத்துக்கு முன் செத்துப்போன நல்லம்மாளின் கணவர் கார்த்திகேசு, அதுவரை எவர் கண்ணிலும் படாத ஒரு சின்ன விண்மீன் மண்டலத்தைக் கண்டுபிடித்திருக்கிறார். அது உண்மைதான் என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டுக் குழு ஒன்றும் அதைக் கண்டு பட்டியலில் போட்டுவிட்டது. அவர்களுக்கு முன்னால் பார்த்தவர் கார்த்திகேசு. அவர் தேதி போட்டுக் கைப்பட எழுதிய நோட்டுப் பக்கம் ஒன்று இருந்தால் போதும், கண்டுபிடித்தவர் என்று அவர் பெயர் ஏறும்.

ஒரே ஒரு பக்கம். அதைத்தான் நல்லம்மாள் சேலை மடிப்புகளுக்குள் தேடிக்கொண்டிருந்தாள்.

கார்த்திகேசுவை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஈப்போவில் அவரைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பழைய மோட்டார் சைக்கிளில் போவார்கள், சட்டைப் பையில் பென்சில் வைத்திருப்பார்கள், சந்தையில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள்.

அவர் பிறந்தது சித்தியவானுக்கு உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தார்கள். பதினெட்டு வயதில் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குக் கீழே, ஆட்களின் வருகைப் புத்தகமான செக்ரோல் எழுதும் வேலை கிடைத்தது. விடிவதற்கு முன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, களத்தில் ஆட்கள் வந்து நிற்பார்கள். ஒவ்வொரு கங்காணிக்கும் ஒரு கூட்டம். ஆளைத் தனியாக யாரும் கேட்பதில்லை, எந்தக் கங்காணி ஆள் என்றுதான் கேட்பார்கள். கார்த்திகேசு பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்கு ஒரு கோடும் வராதவனுக்கு ஒரு சுழியும் போடுவார். புது ஆள் என்றால் முதலில் பென்சிலில்தான் எழுத வேண்டும். மூன்று நாள் தவறாமல் வந்து நின்றால்தான் மையில் எழுதலாம். இது அந்தக் கிராணி வைத்திருந்த சட்டம். அந்தச் சட்டம் கார்த்திகேசுவின் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பிறகு தோட்டம் கைமாறியது. மரங்கள் விழுந்தன. லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனங்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். நாற்பது வருஷத்துச் செக்ரோல் புத்தகங்களை ஆபீஸ் வாசலில் மழையில் போட்டிருந்தார்கள். அவை கூழாகிப் போனதைக் கார்த்திகேசு பார்த்துவிட்டு வந்தார். கலியாணமான புதிதில் நல்லம்மாளிடம் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"எங்கப்பாரு ஒரு நா தவறாம பெரட்டுக்கு வந்து நின்ன மனுசன். இப்ப யாராச்சும் வந்து, சின்னையான்னு ஒருத்தன் இங்க இருந்தானான்னு கேட்டா, காட்டறதுக்கு ஒரு தாள் இல்ல நல்லம்மா."

ஈப்போவுக்கு வந்து ஒரு பளிங்குக்கல் தொழிற்சாலையில் சாமான் ஸ்டோரைப் பார்த்துக்கொண்டார். திருகாணிகளை அளவு வாரியாக டின்களில் பிரித்து வைப்பது, யார் எதை எடுத்தான் என்று எழுதுவது. முப்பது வருஷம் அதே வேலை. குனோங் ராபாட் மலையடியில் வரிசை வீடு ஒன்று. குழந்தை இல்லை. கோயிலுக்குப் போனார்கள், டாக்டரிடம் போனார்கள், கடைசியில் எங்கேயும் போகாமல் இருந்தார்கள். "நமக்குப் பின்னால நம்ம பேர சொல்ல யாருங்க இருக்கா?" என்று நல்லம்மாள் அழும் நாட்களில், அவர் வாசலில் போய் நின்றுகொள்வார்.

பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் இருவரும் ஈப்போ டவுனுக்குப் போயிருந்தபோது ஒரு மண்டபத்தில் அறிவியல் கண்காட்சி நடந்தது. மழைக்கு ஒதுங்க உள்ளே போனார்கள். ஒரு பலகையில் நமக்குப் பக்கத்தில் உள்ள விண்மீன் மண்டலக் கூட்டங்கள் என்று படம் போட்டுப் பெயர் எழுதியிருந்தார்கள். கார்த்திகேசு அதன் முன் நின்றார். மழை விட்டது. நல்லம்மாளின் கையில் இருந்த மீன் பையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் நகரவில்லை.

"ஏங்க, மீனு கெட்டுடும். போலாமா?"

"இரு. வானத்துலயும் கங்காணி கூட்டம் இருக்கு லா" என்றார் அவர். அந்த முகத்தில் அவள் அதற்கு முன் பார்க்காத ஒரு வெளிச்சம்.

அன்றிலிருந்து அவருக்கு அதுவே வேலை. பழைய லேப்டாப் ஒன்று வாங்கினார். தொலைநோக்கி எடுத்த வானத்துப் படங்களைக் கணினியில் எல்லோரும் பார்க்கலாமாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோசை சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் பன்னிரண்டு மணி வரை எழுந்திருக்க மாட்டார். நீல அட்டை போட்ட நோட்டு. செக்ரோல் போலவே கட்டம். பெயர், எந்தக் கூட்டம், உருவம், தூரம், சந்தேகம். சந்தேகத்துக்குப் போட்ட கட்டம்தான் மற்ற எல்லாவற்றையும் விட அகலம். எல்லாம் பென்சிலில். லேப்டாப்பில் ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை. மிஷினை அவர் நம்பியதே இல்லை.

நல்லம்மாள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பாள். அவர் சொல்லிக்கொண்டே எழுதுவார். நம் பால்வீதியும் ஆண்ட்ரோமீடாவும் இரண்டு பெரிய கங்காணிகள். அவர்களைச் சுற்றி அறுபது எழுபது சின்ன ஆட்கள். அது நம்ம கூட்டம். அதைத் தாண்டினால் எம் 81 என்கிற கங்காணியின் கூட்டம். தெற்கே சென்டாரஸ் ஏ கூட்டம், அதற்குப் பின்னால் எம் 83 கூட்டம். கூட்டத்தில் பெரியவன், வெளிச்சமானவன் எவனோ, அவன் பெயர்தான் கூட்டத்துக்கு.

"பக்கத்துல பக்கத்துல நிக்கறவன் எல்லாம் ஒரே கூட்டம்னு நெனச்சிடக் கூடாது. ஒருத்தன் முன்னாடி நிப்பான், ஒருத்தன் ரொம்ப தூரம் பின்னாடி நிப்பான். இங்கேருந்து பாத்தா தோளோட தோள் ஒட்டி நிக்கற மாதிரி தெரியும். சிற்பிக் கூட்டம்னு ஒண்ணு இருக்கு. பேருதான் கூட்டம். உள்ள போய் அளந்து பாத்தா நீட்டமா இழுத்துவிட்ட கயிறு."

"அப்ப எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்களாம்?"

"ஒவ்வொருத்தனும் என்ன வேகத்துல போறான்னு பாக்கணும். எவ்ளோ தூரத்துல இருக்கான்னு அளக்கணும். ஒருத்தன ஒருத்தன் இழுத்துப் புடிச்சிக்கிட்டு ஒண்ணாப் போனாத்தான் கூட்டம். எதுலயும் சேராதவனும் இருக்கான். தனியாள்."

"நம்மள மாதிரி" என்றாள் அவள். அவர் சிரிக்கவில்லை.

இன்னொரு நாள் கோபமாகவே சொன்னாள். "பக்கத்து வீட்டுக்காரன் பேரு தெரியாது உங்களுக்கு. ஒரு கோடி வருசத்துக்கு அப்பால இருக்கறவன் பேரெல்லாம் தெரியுது. இதுல என்ன கண்டீங்க? இது ஒரு பொழப்பா?"

அவர் நோட்டை மூடி வைத்துவிட்டு அன்று முழுவதும் அதைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் ஜனவரியில் ஈப்போ நூலகத்தில் ரஸ்னா பேச வந்தபோது, கடைசி வரிசையிலிருந்து கார்த்திகேசு எழுந்து, "எம் 83 கூட்டத்துல மொத்தம் எத்தன பேரு மா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. ரஸ்னா சிரிக்கவில்லை. தன் போன் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள். சில நாள் கழித்து அவர் போன் செய்து, தான் எம் 83-க்குப் பக்கத்தில் ஒரு மங்கலான புள்ளியைப் பார்த்ததையும், அது வான வரைபடத்தில் எந்த இடம் என்பதையும், எழுதி வைத்திருப்பது 2022 செப்டம்பரில் என்பதையும் சொன்னார். பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று அவள் கேட்டாள். "ரெண்டு தடவ பாத்துட்டேன். மூணாவது தடவையும் பாத்து, மையில எழுதி, நானே நோட்ட கொண்டாந்து தாரேன் மா" என்றார் அவர்.

மூன்றாவது தடவை வரவில்லை. பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, ஸ்டோரில், திருகாணி டின்னைக் கையில் பிடித்தபடியே மாரடைத்து விழுந்தார்.

இப்போது படுக்கையறைக் கதவைத் தள்ளிக்கொண்டு ராக்காயி உள்ளே வந்தாள். கார்த்திகேசுவின் அக்கா. தம்பி போனதிலிருந்து நல்லம்மாளுக்குத் துணையாக இங்கேயே இருக்கிறாள். அறுபத்து மூன்று வயதிலும் நாக்கு மழுங்கவில்லை.

"என்னா புள்ள நாடகம் போடற? அரை மணி நேரமா அதே சீலைய எடுத்து எடுத்து வெக்கற?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

"அவ நோட்ட கேக்கறா அண்ணி."

"அதான் கேட்டுச்சே. கரையான் அரிச்சுப்போச்சுன்னு சொல்லி அனுப்பு. மலையோரத்து வீடு, நம்புவா."

"அவரு பேரு வருமாம் அண்ணி. உலகம் பூரா படிக்கற பட்டியல்ல வருமாம்."

ராக்காயி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "அன்னிக்கே நான் சொன்னேன்ல, சட்டை போதும், கண்ணாடி போதும்னு" என்றாள்.

"நீங்க சொல்லல அண்ணி. நீங்கதான் என்னைக் கட்டிப் புடிச்சிக்கிட்டு, எங்க தம்பிக்கு ஏத்த பொண்டாட்டின்னு அழுதீங்க."

அது உண்மை. பெட்டியை மூடும் முன், அவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டுமானால் வையுங்கள் என்று சவப்பெட்டிக்காரர் சொன்னார். அது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். சிலர் வெற்றிலை வைப்பார்கள், சிலர் பந்தாட்டச் சட்டை வைப்பார்கள். நல்லம்மாள் தலைவிரி கோலமாக உள்ளே ஓடினாள். நான்கு நீல நோட்டுகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவருடைய வலது கைக்குக் கீழே வைத்து, பென்சிலைச் சட்டைப் பையில் செருகினாள். "போற எடத்துல பொழுது எப்படிங்க போவும் உங்களுக்கு? எழுதுங்க. இனிமே நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று கதறினாள். முப்பது வருஷம் அவரை ஏசிய வாய்க்கு அதுதான் அவளால் முடிந்த பிராயச்சித்தம். தெருவே அழுதது. அன்று மாலையே மின்சுடலையில் எல்லாம் முடிந்தது. சாம்பலை லூமுட் கடலில் கரைத்தார்கள்.

அவள் அவருக்குச் செய்த ஒரே பெரிய மரியாதை அது.

நல்லம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரையான் என்றுதான் சொல்வது என்று முடிவு செய்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். ராக்காயி பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள்.

ரஸ்னா எழுந்தாள். வெறும் கையோடு வந்தவளைப் பார்த்தும் முகம் வாடவில்லை.

"பரவால்ல ஆண்ட்டி, நிதானமா தேடலாம். நான் இன்னும் ஒரு சேதி சொல்லலயே. அந்த வெளிநாட்டுக் குழு அந்தப் புள்ளிய சென்டாரஸ் ஏ கூட்டத்துல சேத்துட்டாங்க. அங்கிள் ஒருத்தர்தான், அது எம் 83 கூட்டம்னு சொன்னாரு. ரெண்டு கூட்டமும் பாக்க ஒரே எடத்துலதான் இருக்கும். வேகமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். தூரம்தான் வேற. ஒண்ணு ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டு, இன்னொண்ணு ஒரு கோடியே அறுபது லட்சம். நாங்க இப்ப பெரிய தொலைநோக்கியில அளந்து பாத்துட்டோம். ஒரு கோடியே அறுபது லட்சம்தான். அங்கிள் சொன்னதுதான் சரி."

"அவரு எப்படி மா அளந்தாரு? அவருகிட்ட என்ன இருந்துச்சு?"

ரஸ்னா சிரித்தாள். "நீங்கதான் அளந்தீங்களாம் ஆண்ட்டி."

நல்லம்மாளுக்குப் புரியவில்லை.

"கிட்ட இருக்கற மண்டலத்துல நட்சத்திரம் கொஞ்சம் மணி மணியாத் தெரியும். தூரம் போகப் போக வழவழன்னு ஆயிடும். அங்கிள் அதுக்கு ரவை, மாவுன்னு பேரு வெச்சிருந்தாரு. சென்டாரஸ் ஏ ஆளுங்க ரவை, எம் 83 ஆளுங்க மாவு. இந்த ஒண்ணுல மட்டும் அவருக்குச் சந்தேகமாம். உங்கள கூப்பிட்டுக் காட்டினாராம். நீங்க ஒரு பார்வை பாத்துட்டு, மாவுதான்னு சொன்னீங்களாம். போன்ல என்கிட்ட சொன்னாரு. சந்தேகம் போட்ட கட்டத்துல, 'மாவு, நல்லம்மாள் பார்த்துச் சொன்னது'ன்னு எழுதி வெச்சிருக்கேன் மா, ஆராய்ச்சிக்காரங்க ஒத்துப்பாங்களான்னு கேட்டாரு. அந்தப் பக்கம் கெடைச்சா உங்க பேரும் வரும் ஆண்ட்டி."

நல்லம்மாளுக்கு அந்தக் காலை ஞாபகம் வந்தது. கை நிறைய இட்லி மாவு. "கொஞ்சம் வந்து பாரு நல்லம்மா, இது ரவையா மாவா?" என்றார். "எனக்கு வேற வேல இல்ல பாருங்க" என்று எரிந்து விழுந்தபடி எட்டிப் பார்த்தாள். திரையில் எச்சில் துப்பியதைப் போல ஒரு மங்கல். "மாவு லா" என்றாள். போய்விட்டாள். அவர் எழுதியிருக்கிறார். அவள் பெயரை எழுதி, தேதி போட்டு, யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறார்.

அதையும் சேர்த்துத்தான் கொளுத்தினாளா?

"ஐயோ" என்று ஒரு குரல் அவள் அடிவயிற்றிலிருந்து வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இல்ல மா. நோட்டு இல்ல. பெட்டியில வெச்சுட்டேன்."

"எந்தப் பெட்டி ஆண்ட்டி? தொறந்து பாக்கலாமே."

"அவரு போன பெட்டியில மா. அவரு கையிலேயே குடுத்துட்டேன். எரிஞ்சு போச்சு. நாலும் எரிஞ்சு போச்சு."

ரஸ்னா அசையவில்லை. அவள் பார்த்து வளர்ந்த சாவுகளில் வெள்ளைத் துணியைத் தவிர எதுவும் கூடப் போவதில்லை. அவளுக்குப் புரிந்துகொள்ளவே நேரம் பிடித்தது.

"நோட்ட… அவர்கூட வெச்சுட்டீங்களா?" என்றாள். "ஏன் ஆண்ட்டி?"

"அவருக்குப் புடிக்கும்னு மா" என்றாள் நல்லம்மாள்.

கதவோரத்திலிருந்து ராக்காயி, "எங்க சனம் அப்படித்தான் செய்யும். ஆச வெச்ச பொருள கூட அனுப்பறது. இது தெரியாம நடந்துபோச்சு" என்றாள். பிறகு, "ஒரே ஒரு தாள் இல்லாட்டி தாக் போலேவா, முடியாதா? உங்கிட்டதான் போன்ல சொன்னான்ல? நீ சாட்சி சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள்.

"சொல்லிப் பாத்துட்டேன் ஆண்ட்டி. அவரு என்கிட்ட சொன்னது இந்த வருசம். அவங்க அனுப்பினது போன வருசம். அதுக்கு முன்னால அவரு பாத்தாருங்கறதுக்கு அந்த நோட்டு ஒண்ணுதான். லேப்டாப்பயும் நான் வந்த உடனே நீங்க குடுத்தப்ப பாத்தேன். அதுல ஒண்ணுமே இல்ல."

நல்லம்மாள் முழங்காலில் நகர்ந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். கண்கள் பயங்கரமாக மின்னின.

"நான் எழுதித் தாரேன் மா. கடைக்குப் போயி அதே மாதிரி நீல நோட்டு வாங்கறேன். அவரு கையெழுத்து எனக்கு வரும். சம்பளத் தாள்ல எல்லாம் நான்தான் போடுவேன். நீ எடத்த சொல்லு, நான் கட்டம் போட்டு எழுதறேன். எல்லாம் எனக்குத் தெரியும், எத்தன வருசம் கேட்டுக்கிட்டே கீரை ஆய்ஞ்சிருக்கேன். எம் 81, அதுக்கு அப்பால சிற்பி, அது கூட்டம் இல்ல, கயிறு… பாரு, தெரியுதுல்ல?"

"ஆண்ட்டி, வேணாம்."

"அவரு எழுதினதைத்தானே எழுதறேன்! பொய்யா எழுதறேன்?"

ரஸ்னாவின் கண்ணிலும் நீர் வந்துவிட்டது. "தாள் புதுசுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. கண்டுபிடிச்சா, அங்கிள ஏமாத்துக்காரர்னு சொல்லுவாங்க. அந்தப் பேரு வேணுமா அவருக்கு?"

கை நழுவியது. நல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே மலைச் சாலையில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு ஏறியது. அது போய் முடிந்ததும் நல்லம்மாள் தலையை நிமிர்த்தினாள்.

"இப்ப அதுக்கு யாரு பேரு மா?" என்று கேட்டாள்.

"ஒரு நம்பர்தான் ஆண்ட்டி. கண்டவங்கன்னு அந்தக் குழுவோட பேரு இருக்கும்."

"எம் 83 கூட்டம்னு சொன்னது?"

ரஸ்னாவின் குரல் தாழ்ந்தது. "நாங்கதான அளந்தோம். அது எங்க கட்டுரையில வரும். என் பேர்ல."

"பாத்தியா!" என்றாள் ராக்காயி. "கடைசியில யாரு பேர்ல வருதுன்னு பாத்தியா புள்ள!"

"நான் அதுக்காக வரல ஆண்ட்டி" என்று ரஸ்னா திரும்பினாள். "அதுக்காகன்னா நான் எதுக்கு இந்த நோட்டத் தேடி வரணும்? கட்டுரை முடிவுல நன்றின்னு ஒரு வரி போடலாம்னு எங்க தலைவரு சொல்லிட்டாரு. கண்டுபிடிச்சாருன்னு போட முடியாது. ஈப்போ கார்த்திகேசுவுடன் பேசியதற்கு நன்றின்னு போடலாம். அவரு பேர சரியா எழுதித் தாங்க, நான்…"

"நன்றியா? கலியாணப் பத்திரிகையா அடிக்கறீங்க?" என்றாள் ராக்காயி.

நல்லம்மாள் எழுந்து நின்றாள். சேலையைச் சரி செய்துகொண்டாள். அழுகை நின்றிருந்தது. அழுகை நின்ற முகம்தான் பார்க்கப் பயமாக இருந்தது.

"வேணாம் மா. பேசினதுக்கு நன்றி சொல்ல வேணாம். பேசினவங்க நெறைய பேரு இருப்பாங்க. அவரு பேசறதுக்காக எழுதல. நின்னவன நின்னான்னு எழுதணும், அவ்ளோதான் அவருக்கு. அவருக்கே அது இல்லாமப் பண்ணிட்டேன் நான். நன்றிய வாங்கி நான் எங்க வெப்பேன்?"

"ஆண்ட்டி, ஒரு வரியாவது இருக்கட்டுமே. ஒண்ணுமே இல்லாம போறதுக்கு…"

"ஒண்ணுமே இல்லாமத்தான் போச்சு. அத மூடி மறைக்க வேணாம். உன் பேரே வரட்டும். நீ நல்ல புள்ள. உன்மேல எனக்குக் கோவம் இல்ல."

ரஸ்னா பையை எடுத்துக்கொண்டாள். வாசல் வரை வந்து, குனிந்து செருப்பை மாட்டினாள். மாட்டி முடிந்தும் போகத் தயங்கி நின்றாள். இந்த வீட்டுக்கு அவள் கொண்டுவந்தது நல்ல சேதி. அதைக் கொண்டுவராமல் இருந்திருந்தால், இவள் தன் கணவனுக்கு ஒரு நல்லது செய்தோம் என்ற நினைப்போடாவது கிழவியாகியிருப்பாள். அந்த நினைப்பையும் தான் வந்து பிடுங்கிவிட்டோம் என்பது அவள் முகத்தில் எழுதியிருந்தது.

"அது இப்பவும் அங்கதான இருக்கு மா?" என்று கேட்டாள் நல்லம்மாள், கம்பிக் கதவைப் பிடித்தபடி.

"அங்கதான் இருக்கு ஆண்ட்டி. எங்கயும் போகாது."

"அவரு பாக்காட்டியும் இருந்திருக்கும்."

"வாரேன் ஆண்ட்டி" என்று ரஸ்னா இருவரையும் பார்த்துத் தலையசைத்தாள்.

"பாத்துப் போ மா. ரோட்டுல லாரி வரும்."

காடி பின்னால் நகர்ந்து, திரும்பி, வரிசை வீடுகளின் கடைசி வரை போய் மறைந்தது. எதிர் வீட்டுச் சீனக் கிழவர் செடிக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்தி, யார் வந்தது என்று பார்த்தார். நல்லம்மாள் அவரைப் பார்க்காதவள் போலக் கம்பிக் கதவை இழுத்துப் பூட்டினாள். பிறகு மரக்கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.